சான்றிதழை நீங்கள் பிடியுங்கள், மகன் வாசிக்கட்டும்

படிப்பை முடித்த பிள்ளைகள் வேலை தேடத் தொடங்கியிருக்கிறார்கள் போலும். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ரெசுமே பற்றியவை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புதிதாக இந்தப் பகுதியைப் படிப்பவர்களுக்கு: நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மனிதவளப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். என் மேசைக்கு வந்த ரெசுமேக்களை மனத்தில் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: வணக்கம் அக்கா. என் மகன் பாலிடெக்னிக்கில் மின்சாரப் பொறியியல் டிப்ளோமா முடித்துச் சில மாதங்கள் ஆகின்றன. எத்தனையோ இடங்களுக்கு விண்ணப்பித்துவிட்டான். ஓர் அழைப்புக்கூட வரவில்லை. ரெசுமேயில் ஏதாவது தப்பு இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. கேட்டால், ‘எல்லாம் சரியாகத்தான் இருக்கும்மா’ என்கிறான். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தவள். ஆங்கிலம் அவ்வளவாக வராது. நான் எப்படிப் பார்த்துச் சொல்வது?
— ஒரு தாய், பிறை

பதில்: சகோதரி, அந்த ரெசுமேயைப் பார்க்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் வீட்டில் இல்லை. ஆங்கிலம் வராதே என்று ஒதுங்க வேண்டாம். ஒரு ரெசுமேயைக் கெடுக்கிற பெரிய பிழைகள் எண்களிலும் பெயர்களிலும் தேதிகளிலும்தான் இருக்கின்றன. அவற்றைப் பிடிக்க இலக்கணம் தேவையில்லை. பக்கத்தில் அசல் ஆவணம் இருக்க வேண்டும். அதைப் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவர் இருக்க வேண்டும். எழுதியவன் கண்ணுக்குத் தான் எழுத நினைத்ததுதான் தெரியும். தாளில் இருப்பது அடுத்தவர் கண்ணுக்குத்தான் தெரியும். அந்தக் காலத்து அச்சகங்களில் மெய்ப்புத் திருத்துவது இருவர் வேலை. ஒருவர் மூலப்படியை உரக்க வாசிப்பார். மற்றவர் அச்சான தாளில் விரலை வைத்துக்கொண்டே வருவார். அதையேதான் நீங்களும் மகனும் செய்யப்போகிறீர்கள்.

ரெசுமேயைத் தாளில் அச்செடுத்து வரச் சொல்லுங்கள். கைப்பேசித் திரையில் பார்ப்பது இதற்கு உதவாது. மகனின் மைகாட் அடையாள அட்டை, பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழ், டிப்ளோமா, பாடவாரியான மதிப்பெண் பட்டியல், தொழிற்பயிற்சிக்குப் போன நிறுவனம் கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்புங்கள். ரெசுமேயை மகன் கையில் கொடுங்கள். அசல்கள் உங்கள் பக்கம் இருக்கட்டும். அவன் ஒவ்வோர் எழுத்தாக, ஒவ்வோர் இலக்கமாக வாசிக்க வேண்டும். சி.ஜி.பி.ஏ. என்னும் சராசரி மதிப்பெண்ணை ‘மூன்று புள்ளி நாற்பத்தேழு’ என்று சேர்த்துச் சொல்ல விடாதீர்கள். ‘மூன்று, புள்ளி, நான்கு, ஏழு’ என்று பிரித்துச் சொல்லட்டும். அசலில் 3.74 என்று இருந்து அவன் 3.47 என்று அடித்திருந்தால் அந்த இடத்திலேயே அகப்படும். இத்தகைய இடமாற்றம் சிவப்புக் கோடு போடும் எந்தக் கணினிக்கும் தெரியாது. 3.47ஐ 3.5 ஆக்கி எழுதுவதும் கூடாது. முழுமையாக்கியதுதானே என்று அவன் சொல்லக்கூடும். சான்றிதழை ஒப்பிட்டுப் பார்க்கும் அதிகாரிக்கு அது கூட்டிச் சொன்ன மதிப்பெண்.

முதலில் பெயர். நம் பிள்ளைகளின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுத நாலு வழி உண்டு. அப்பா பெயருக்கு இன்னும் நாலு. பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவில் வேறு மாதிரி இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். மைகாட்டில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு நடுவே வரும், மகன் என்று பொருள்படும் அனாக் லெலாக்கிக்கான ‘ஏ’யும் ‘எல்’லும், இடையிலுள்ள சாய்கோட்டோடு, ரெசுமேயில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். சில இணையப் படிவங்கள் சாய்கோட்டை ஏற்காது. அங்கே மட்டும் விட்டுவிடலாம்.

அடுத்தது கைப்பேசி எண். இதில்தான் என் அனுபவத்தில் அதிக வேலைகள் நழுவிப் போயின. மகனின் எண் 012, 016 போன்ற வரிசையில் இருந்தால் மொத்தம் 10 இலக்கம். 011 வரிசையில் இருந்தால் 11 இலக்கம். இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் 011 எண்ணில் ஓர் இலக்கம் விடுபட்டுப்போனால் மிச்சம் 10 இலக்கம் இருக்கும். பார்த்தால் சரியான எண் மாதிரியே தோன்றும். நாட்டுக் குறியீட்டோடு எழுதினால் +60க்குப் பிறகு மறுபடியும் பூஜ்யம் வரக்கூடாது. இதைச் சோதிக்க ஒரே வழிதான் உண்டு. உங்கள் கைப்பேசியை எடுங்கள். மகன் பெயரில் சேமித்து வைத்திருப்பதைத் தொடாதீர்கள். தாளைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாக அழுத்துங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் கைப்பேசி ஒலிக்க வேண்டும். ஒரு வேலைக்குக் கை நிறைய ரெசுமேக்கள் இருக்கும்போது, எண் கிடைக்கவில்லை என்றால் நாங்கள் தேடிக்கொண்டிருக்க மாட்டோம். அடுத்தவரை அழைப்போம். அந்தப் பையனுக்கு ஏன் அழைப்பு வரவில்லை என்பது கடைசிவரை தெரியாது.

மின்னஞ்சல் முகவரியையும் அப்படியே தாளைப் பார்த்து வேறு ஒருவர் கைப்பேசியில் அடித்து, ஒரு வரி அனுப்பிப் பாருங்கள். வீட்டில் மகள் இருந்தால் அவளைச் செய்யச் சொல்லுங்கள். ஒன்று என்ற எண்ணும் ‘எல்’ எழுத்தும் சில எழுத்துருக்களில் ஒன்றுபோலத் தெரியும். பூஜ்யமும் ‘ஓ’வும் அப்படியே. முகவரியில் அடிக்கோடு இருந்து, வேர்ட் அதை நீல நிற இணைப்பாக மாற்றி அடியில் கோடு போட்டுவிட்டால், உள்ளிருக்கும் அடிக்கோடு மறைந்துபோய் இடைவெளிபோலத் தெரியும். அந்த நீல நிறத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பிறகு ஆண்டுகள். கோவிட் காலத்துப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு குழப்பம் உண்டு. 2021ஆம் ஆண்டுக்கான எஸ்.பி.எம். தேர்வு நடந்தது 2022 மார்ச்சில். அதற்கு முந்தைய ஆண்டுத் தேர்வும் அப்படித்தான் 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. பிள்ளைகள் தாங்கள் தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்த ஆண்டை ஓரிடத்திலும் சான்றிதழில் உள்ள ஆண்டை இன்னோரிடத்திலும் போட்டுவிடுகிறார்கள். ரெசுமேயில் ஓர் ஆண்டும் வேலை தேடும் இணையதளத்தின் படிவத்தில் வேறோர் ஆண்டும் இருந்தால், பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும். சான்றிதழில் அச்சாகியிருக்கும் ஆண்டையே எல்லா இடத்திலும் போடச் சொல்லுங்கள். தொழிற்பயிற்சி தொடங்கிய மாதம், முடிந்த மாதம் இரண்டையும் கடிதத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நினைவிலிருந்து எழுதினால் பெரும்பாலும் ஒரு மாதம் முன்பின் ஆகிவிடுகிறது. நிறுவனத்தின் பெயரையும் கடிதத் தலைப்பிலிருந்தே எடுக்க வேண்டும். தனியார் நிறுவனப் பெயர்களின் முடிவில் வரும் ‘சென்டிரியான் பெர்ஹாட்’ சுருக்கத்தில் எழுத்து இடம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தச் சுருக்கம் எல்லாருக்கும் கண்ணுக்குப் பழகிப்போனது. அதனாலேயே அதில் உள்ள பிழையை யாரும் பார்ப்பதில்லை.

அழைப்பு வராததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். அதை மகனிடம் பேசலாம். ஆனால் முதலில் இந்த மேசை வேலையை முடியுங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது. ‘உன் ஆங்கிலத்தைப் பார்க்க வரவில்லை ஐயா, உன் எண்ணைப் பார்க்க வந்திருக்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். கூச்சப்படாமல் உட்காருவான்.

கேள்வி: வேர்டில் எழுத்துப்பிழை பார்க்கும் வசதியைப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு சிவப்புக் கோடும் இல்லை. இதற்குமேலும் பார்க்க வேண்டுமா?
— வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: பார்க்க வேண்டும் தங்கச்சி. சிவப்புக் கோடு இல்லை என்றால், அப்படி ஒரு சொல் அகராதியில் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். நீங்கள் எழுத நினைத்த சொல் அதுதானா என்பது கணினிக்குத் தெரியாது. ‘மேனேஜர்’ என்பதில் இரண்டாவது ‘ஏ’ விடுபட்டால் மாட்டுத் தீவனத் தொட்டியைக் குறிக்கும் சொல்லாகிவிடும். ‘பப்ளிக் ரிலேஷன்ஸ்’ என்பதில் ‘எல்’ விடுபட்டால் என்ன ஆகும் என்பதை இங்கே எழுத முடியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சிவப்புக் கோடு வராது. ‘ஃப்ரம்’ என்பது ‘ஃபார்ம்’ ஆவதும், வழிநடத்தினேன் என்பதற்கான ‘லெட்’ என்னும் இறந்தகாலச் சொல்லில் ஓர் ‘ஏ’ நுழைந்து ‘லீட்’ ஆவதும் அன்றாடம் நடப்பவை.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. முழுவதும் பெரிய எழுத்துகளில் அடித்த சொற்களைப் பார்க்க வேண்டாம் என்று ஓர் அமைப்பு வேர்டில் இருக்கிறது. வழக்கமாக அது இயங்கும் நிலையிலேயே இருக்கும். நம் பிள்ளைகள் தலைப்புகளைப் பெரிய எழுத்தில்தானே போடுகிறார்கள்? ஆக, தாளிலேயே பெரிதாகத் தெரிகிற ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற தலைப்பில் ‘ஈ’க்குப் பதில் ‘ஏ’ விழுந்திருந்தாலும் கணினி வாய் திறக்காது. தலைப்புகளைத் தனியாக, விரல் வைத்துப் படியுங்கள்.

பள்ளியில் நாம் படித்தது பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல். உங்கள் கணினி அமெரிக்க ஆங்கிலத்தில் அமைந்திருக்கலாம். இன்டெல் 1972இல் பினாங்குக்கு வந்த காலத்திலிருந்து இங்கே அமெரிக்க நிறுவனங்கள் நிறைய. எந்த முறையில் எழுதினாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் ‘ஆர்கனைசேஷன்’ ஒரு வரியில் ‘எஸ்’ஸோடும் அடுத்த வரியில் ‘இசட்’டோடும் இருந்தால், நாலு இடத்திலிருந்து வெட்டி ஒட்டியது என்று தெரிந்துவிடும். மொழி அமைப்பில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மறுபடியும் சோதித்துப் பாருங்கள். அரசாங்க வேலைக்கு மலாயில் எழுதுகிறீர்கள் என்றால் ‘டி’யைக் கவனியுங்கள். இடத்தைச் சொல்லும்போது அது தனியாக நிற்கும். வினைச்சொல்லோடு வரும்போது ஒட்டிக்கொள்ளும். மலாய் அதிகாரிகள் இதைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பார்க்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. மேலிருந்து கீழே படித்தால் கதை தெரிந்துவிடும். கண் ஓடும். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். கீழே உள்ள வரிகளை ஒரு தாளால் மறைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. எழுதி முடித்த இரவே பார்க்காமல், மறுநாள் பசியாறிய பிறகு பாருங்கள். அதன் பின்னர் ஏதாவது ஒரு வரியை மாற்றினால், அந்த வரியை மட்டுமின்றி அந்தப் பத்தி முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டும். கடைசி நேரத் திருத்தத்தில் நுழைகிற பிழைதான் யார் கண்ணிலும் படாமல் வெளியே போகிறது.

கேள்வி: ரெசுமேயை சாட்ஜிபிடியிடம் கொடுத்துத் திருத்திக்கொள்ளலாமா? என் நண்பர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.
— வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: இலக்கணம் பார்க்கக் கொடுக்கலாம் தம்பி. மேலே சொன்ன தீவனத் தொட்டியை அது பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால் உங்கள் சி.ஜி.பி.ஏ. எவ்வளவு, பயிற்சி எந்த மாதம் தொடங்கியது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அந்த வேலைக்கு மைகாட்டும் சான்றிதழும்தான். ‘பிழைகளை மட்டும் சுட்டிக்காட்டு, எதையும் மாற்றி எழுதாதே’ என்று கேளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சாதாரண வாக்கியங்களை எடுத்துப் பெரிய பெரிய வார்த்தைகளாக்கித் தரும். நீங்கள் செய்யாததைச் செய்ததாகவும் எழுதிவிடும். கிடங்கில் பொருள் எண்ணிக்கை எடுத்த பையன், விநியோகச் சங்கிலியை மேம்படுத்தியவனாக வந்து நிற்பான். நேர்முகத் தேர்வில், ‘எப்படி மேம்படுத்தினீர்கள், சொல்லுங்கள்’ என்று கேட்போம். பதில் வராது. பொருள் எண்ணிக்கை எடுத்ததையே சரியாக எழுதியிருந்தால் அந்தப் பையனோடு பத்து நிமிடம் நல்ல பேச்சு நடந்திருக்கும். எண்ணிக்கை ஒத்துவராத நாளில் என்ன செய்தான் என்று கேட்டிருப்பேன். எனக்கு வேண்டியது அந்தப் பதில்தான்.

கொடுப்பதற்கு முன் அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, கைப்பேசி எண் மூன்றையும் நீக்கிவிடுங்கள்.

கேள்வி: அக்கா, விண்ணப்பத்தை அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை. முந்தைய வேலையை விட்ட ஆண்டும் தவறு. இரவெல்லாம் தூக்கமில்லை. திரும்ப அனுப்பினால் அசிங்கமாக இருக்காதா?
— வாசகி, குளுகோர்

பதில்: அசிங்கம் ஒன்றும் இல்லையம்மா. எழுத்துப்பிழை மட்டும் என்றால், அடுத்த விண்ணப்பத்துக்குத் திருத்திக்கொண்டு இதை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆண்டு தவறு என்பது வேறு விஷயம். வேலைக்கு எடுக்கும்போது பழைய நிறுவனத்தின் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அப்போது அது கைத்தவறு என்று நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. இன்றைக்கே திருத்தி அனுப்பினால் கைத்தவறு என்று தானாகவே தெரியும்.

முன்பு அனுப்பிய அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே பதிலாக அனுப்புங்கள். அப்போதுதான் இரண்டும் ஒன்றாக இருக்கும். எந்த வேலைக்கு விண்ணப்பித்தீர்கள் என்று ஒரு வரி. முந்தைய ரெசுமேயில் வேலையை விட்ட ஆண்டு தவறாக இருந்தது, இணைத்திருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி. நன்றி. அவ்வளவு போதும். மன்னிப்பை நீட்டி எழுத வேண்டாம். தூக்கம் போன கதையும் வேண்டாம். ஜாப்ஸ்ட்ரீட் வேலைத் தேடல் இணையதளம் வழியாகவோ, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வழியாகவோ அனுப்பியிருந்தால், அங்கே உங்கள் சுயவிவரப் பக்கத்தையும் திருத்த வேண்டும். கோப்பை மட்டும் மாற்றிவிட்டுப் படிவத்தில் பழைய ஆண்டை விட்டுவைப்பவர்கள் நிறையப் பேர். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

இப்படித் திருத்தி அனுப்பியவர்களை நான் ஒருபோதும் தள்ளிவைத்ததில்லை. நிம்மதியாகத் தூங்குங்கள்.

கேள்வி: நண்பன் கேன்வாவில் செய்த ரெசுமேயில் என் விவரங்களை மாற்றிப் பயன்படுத்துகிறேன். இதில் கவனிக்க வேண்டியது உண்டா? அடையாள அட்டை எண் போட வேண்டுமா?
— வாசகர், நிபோங் தெபால்

பதில்: உண்டு தம்பி. கேன்வா மாதிரிகளில் ‘123 எனிவேர் ஸ்ட்ரீட், எனி சிட்டி’ என்று ஒரு பொய் முகவரி இருக்கும். ‘ரியலி கிரேட் சைட்’ என்று ஒரு பொய் இணைய முகவரியும் இருக்கும். அவை ஏதாவது ஒரு மூலையில், பெரும்பாலும் அடிப்பக்கத்தில் சிறிய எழுத்தில், மாறாமல் நின்றுவிடும். பிறகு நண்பனின் விவரங்கள். அவன் குறிப்பிட்ட பரிந்துரையாளரின் பெயர், அவனுடைய மொழித்திறன், அவன் ஓட்டுநர் உரிமம் எந்த வகை என்பது. ஒவ்வொரு வரிக்கும் ‘இது என்னுடையதா?’ என்று கேட்டுக்கொண்டே போங்கள். மின்னஞ்சல் முகவரியைத் தொட்டுப் பாருங்கள். எழுத்தை மாற்றியிருப்பீர்கள், அடியில் ஒளிந்திருக்கும் இணைப்பு நண்பனுடையதாகவே இருக்கலாம்.

பி.டி.எஃப். ஆக்கிய பிறகு அதைக் கணினி உலாவியில் திறந்து, மேலே தாவலில் என்ன பெயர் தெரிகிறது என்று பாருங்கள். கோப்பின் பெயரை நீங்கள் மாற்றியிருந்தாலும், உள்ளே பதிந்திருக்கும் தலைப்பில் நண்பன் பெயர் இருந்தால் அங்கே அதுதான் தெரியும். அப்படி வந்தால் மாதிரியை நகலெடுத்து அதன் தலைப்பை மாற்றி மறுபடியும் இறக்குங்கள். கோப்புக்கு உங்கள் பெயரும் வேலையின் பெயரும் போதும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’ என்பதெல்லாம் உங்கள் கணினியோடு இருக்கட்டும்.

அடையாள அட்டை எண் முதல் கட்டத்தில் வேண்டாம். அந்த 12 இலக்கத்தில் முதல் ஆறு உங்கள் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். 07 என்றால் பினாங்கு. கடைசி இலக்கம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதில் ஆணா பெண்ணா என்பது தெரியும். இவ்வளவையும் முன்பின் தெரியாத முகவரிக்கு அனுப்ப அவசியமில்லை. அரசாங்கப் படிவங்கள் கேட்டால் கொடுங்கள். தனியார் நிறுவனம் என்றால் வேலை உறுதியாகி, நியமனக் கடிதம் தயாரிக்கும்போது கேட்பார்கள். அப்போது மைகாட்டைப் பார்த்து எழுதிக் கொடுங்கள்.

பரிந்துரையாளரின் எண்ணையும் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். உங்கள் விரிவுரையாளர் வேறு பாலிடெக்னிக்குக்கு மாறியிருப்பார். பழைய அலுவலக எண் யாருக்கோ போய்ச் சேரும். பேசும்போதே, ‘உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன் சார், இன்ன வேலைக்கு’ என்று சொல்லிவிடுங்கள். அவர் பெயரின் எழுத்துக்கூட்டலையும், முன்னால் டாக்டர், டத்தோ என்று ஏதாவது வருமா என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.